56 அடிக்கு 110 அடி: பழைய டென்னிஸ் தளத்தில் பிக்கிள்பால் களம் பிரித்த நிகழ்வு ஆய்வு

எங்கள் குடியிருப்பு வளாகத்தின் டென்னிஸ் தளத்தில் கடைசியாக யார் டென்னிஸ் ஆடினார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. வலை நைந்து நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. பிறந்தநாள் பந்தல், பொங்கல் கோலப் போட்டி, மழை இல்லாத நாட்களில் சிறுவர்களின் சைக்கிள் பந்தயம் என்று அந்தத் தளம் தன் வயதைக் கழித்துக்கொண்டிருந்தது. சென்னையின் தெற்குப் புறநகரில், பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய வளாகம் எங்களுடையது. சுற்றியுள்ள வளாகங்களில் பிக்கிள்பால் (கெட்டியான மட்டையால் ஓட்டைப் பிளாஸ்டிக் பந்தை வலைக்கு மேல் அடித்து ஆடும் விளையாட்டு) காய்ச்சல் பரவிய பிறகு, எங்கள் சங்கக் கூட்டத்திலும் அந்தப் பேச்சு வந்தது. கட்டுமான வரைபட வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் தளத்தைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வரைந்தது, தவறியது, திருத்தியது, தளம் பயன்பாட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது ஆகியவற்றை இங்கே எழுதுகிறேன்.

கையோடு வந்த படம்

செயலாளர் கூட்டத்துக்கே ஒரு படத்துடன் வந்துவிட்டார். ஒரு டென்னிஸ் தளத்துக்குள் நான்கு பிக்கிள்பால் களங்கள் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. "சார், நான்கு களம் போட்டால் ஒரே நேரத்தில் 16 பேர் ஆடலாம். முன்பதிவுக் கட்டணத்திலேயே பராமரிப்புச் செலவு வந்துவிடும்" என்றார். அந்தப் படத்தில் பிழை எதுவும் இல்லை. பிக்கிள்பால் களம் கோட்டிலிருந்து கோட்டுக்கு 20 அடி அகலம், 44 அடி நீளம். அதைச் சுற்றி ஓடுவதற்கான இடத்தையும் சேர்த்தால் ஒரு களத்துக்குக் குறைந்தபட்சம் 30 அடிக்கு 60 அடி வேண்டும். முறையான டென்னிஸ் தளம் வேலிக்கு வேலி 60 அடிக்கு 120 அடி. அகலத்தில் இரண்டு, நீளத்தில் இரண்டு என்று நான்கும் துல்லியமாக உட்காரும்.

எங்கள் தளம் முறையானதுதானா என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை. அடுக்குமாடி வளாகங்களில் டென்னிஸ் தளம் பெரும்பாலும் கட்டடங்களும் கார் நிறுத்தமும் போக மிஞ்சிய இடத்தில்தான் பிறக்கிறது. விற்பனைக் கையேட்டில் 'டென்னிஸ் கோர்ட்' என்று ஒரு வரி வந்தால் போதும், அளவைப் பற்றிக் கவலைப்படுபவர் யார்? மறுநாள் காலை டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். கம்பிவலை வேலியின் குழாய்க்கு உட்புறம் டேப்பை வைத்து, அகலத்தை மூன்று இடத்திலும் நீளத்தை மூன்று இடத்திலும் அளந்தேன். வேலிகள் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதில்லை. வந்த அளவுகளில் மிகக் குறைந்ததையே கணக்கில் எடுக்க வேண்டும். அகலம் 56 அடி, நீளம் 110 அடி. முறையான தளத்தைவிட அகலத்தில் நான்கடியும் நீளத்தில் பத்தடியும் குறைவு.

கோடுகளுக்கு 20 அடி 44 அடி என்ற அளவு எங்கிருந்து வந்தது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். 1965ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பெயின்பிரிட்ஜ் தீவில், ஜோயல் பிரிட்சார்டும் பில் பெல்லும் வீட்டில் சலித்துக் கிடந்தவர்களுக்காக ஏதோ ஒரு விளையாட்டை ஒப்பேற்றப் பார்த்தார்கள். வீட்டில் பழைய பூப்பந்து (பேட்மிண்டன்) தளம் இருந்தது, மட்டைகள்தான் சரியாக இல்லை. மேசைப்பந்து மட்டைகளையும் ஓட்டைகள் போட்ட பிளாஸ்டிக் பந்தையும் வைத்து ஆடத் தொடங்கினார்கள். பூப்பந்துக்காக 60 அங்குல உயரத்தில் இருந்த வலை 36 அங்குலத்துக்கு இறங்கியது. பார்னி மெக்கல்லம் பின்னர் சேர்ந்துகொண்டார். கையில் இருந்த பூப்பந்துத் தளமே களமாகிவிட்டதால், இரட்டையர் பூப்பந்தின் வெளிக்கோடும் பிக்கிள்பாலின் வெளிக்கோடும் இன்றும் ஒரே அளவு. மிச்ச இடத்தில் பிறந்த விளையாட்டை நாங்கள் மிச்ச இடத்திலேயே பொருத்தப் பார்த்தோம் என்றும் சொல்லலாம்.

கோட்டுக்கு வெளியே

நான்கு களத்தை எங்கள் அளவில் போட்டுப் பார்த்தேன். நீளவாக்கில் இரண்டு களங்கள் 88 அடியை எடுத்துக்கொள்ளும். 110 அடியில் மிஞ்சுவது 22 அடி. அந்த 22 அடியை நான்கு பின்புறங்களுக்குப் பங்கிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஐந்தரை அடி. குறைந்தபட்சம் எட்டடி வேண்டும். ஆக மொத்தம் பத்தடி பற்றாக்குறை.

"ஆடுவது கோட்டுக்குள்தானே சார், வெளியே எதற்கு அவ்வளவு இடம்?" என்று செயலாளர் கேட்டார். ஆடிப் பழகாதவர் கேட்கும் நியாயமான கேள்விதான். பிக்கிள்பாலில் சர்வீஸ் போட்ட பந்து எதிர்ப்பக்கம் ஒரு முறை தரையில் பட்டு எழும்பிய பிறகுதான் அடிக்கலாம். அதைத் திருப்பி அடித்த பந்தும் சர்வீஸ் போட்ட பக்கத்தில் ஒரு முறை தரையில் பட வேண்டும். இந்த விதியால் சர்வீஸ் போட்டவர் உடனே முன்னால் ஓடி வர முடியாது. பின்கோட்டை ஒட்டியே காத்திருக்கிறார். எதிரி பந்தை ஆழமாக, பின்கோட்டில் விழும்படி அனுப்பினால், அது எழும்பி வரும் இடம் கோட்டுக்கு நான்கைந்து அடி பின்னால். அங்கே நின்று மட்டையைப் பின்னுக்கு இழுத்து அடிக்க வேண்டும். ஐந்தரை அடியில் வேலி வந்தால் அவருடைய முழங்கை கம்பிவலையில் இடிக்கும். நான்கு களத் திட்டத்தில் இரண்டு பின்கோடுகள் முதுகோடு முதுகாக வருவதால் நடுவில் வேலிகூட இல்லை, இன்னொரு ஆட்டக்காரரின் முதுகுதான் இருக்கும். பந்தைப் பார்த்தபடியே பின்வாங்கும் இருவர் மோதிக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். எங்கள் வளாகத்தில் ஆட ஆசைப்படுபவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். செயலாளருக்கும் வயது 63. படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஆனால் அத்துடன் விடவில்லை. "அப்படியென்றால் மூன்று?" என்றார்.

மூன்றை இரண்டு விதமாகப் போடலாம். மூன்றையும் குறுக்கே திருப்பி வரிசையாக வைப்பது ஒன்று. இரண்டை நீளவாக்கில் பக்கம் பக்கமாக வைத்து, மிஞ்சும் இடத்தில் மூன்றாவதை மட்டும் குறுக்கே வைப்பது மற்றொன்று. குறுக்கே வைக்கும் எந்தக் களத்துக்கும் 44 அடி நீளம் 56 அடி அகலத்துக்குள் அடங்க வேண்டும். பின்னால் ஆறடிதான் கிடைக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் சூரியன்.

எங்கள் தளத்தின் நீளப் பக்கம் ஏறக்குறைய வடக்கு தெற்காக அமைந்திருக்கிறது. இதைக் கைப்பேசியின் திசைகாட்டியிலேயே பார்த்துக்கொள்ளலாம். சென்னையில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு டிகிரிக்கு மேல் போகாது. களம் அமைப்பவர்கள் வடக்கு தெற்கை விரும்புவதில் வாஸ்துவுக்கு இடமில்லை. வெயில் நாட்டில் மக்கள் ஆடுவது காலை ஒன்பதுக்கு முன்பும் மாலை நான்குக்குப் பின்பும்தான். அந்த இரண்டு வேளையிலும் சூரியன் தாழ்ந்து, கிழக்கிலோ மேற்கிலோ நிற்கிறது. களம் வடக்கு தெற்காக இருந்தால் வெயில் ஆட்டக்காரரின் பக்கவாட்டில் விழும். கிழக்கு மேற்காக இருந்தால் ஒருவர் நேராகச் சூரியனைப் பார்த்துக்கொண்டுதான் ஆட வேண்டும். தலைக்கு மேல் தூக்கி அடித்த பந்து அவர் கண்ணில் படவே படாது. மாறி மாறி ஆடினால் சமமாகிவிடும் என்றார் ஒருவர். துன்பத்தைச் சமமாகப் பங்கிடுவதுதான் அது.

ஆக இரண்டு களம். வரைபடத்தில் முடிவு எளிதாக வந்துவிட்டது. கூட்டத்தில் ஒப்புக்கொள்ளவைக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. முதலிலேயே தோன்றியிருந்தால், அந்த நேரத்தில் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு எல்லோரையும் நிற்கவைத்துக் காட்டியிருப்பேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைதான் அந்த யோசனை எனக்கே தோன்றியது. நான்கு களத்துக்கான பின்கோட்டைச் சுண்ணாம்பில் போட்டு, செயலாளரை அதற்குப் பின்னால் நிற்கவைத்து, மட்டையைப் பின்னுக்கு வீசச் சொன்னேன். மட்டை வேலியில் பட்டு ஒலித்தது. பேச்சு முடிந்தது.

எந்தப் பாதி?

இரண்டு களத்துக்குப் பின்னால் தாராளமாகப் பத்தடி விடலாம் என்று வைத்துக்கொண்டேன். 44 அடியுடன் இருபுறமும் பத்துப் பத்து சேர்த்தால் 64 அடி. போட்டி நடத்தும் களங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் நீளமும் அதுவே. 110 அடியில் 46 அடி மிஞ்சும். களங்களை வடக்கு ஓரத்தில் வைப்பதா, தெற்கு ஓரத்தில் வைப்பதா, நடுவில் வைப்பதா?

தெற்கு வேலியிலிருந்து இருபதடியில் ஒரு குடியிருப்புக் கட்டடம் நிற்கிறது. அதன் பால்கனிகள் எல்லாம் தளத்தைப் பார்த்தபடி. பிக்கிள்பாலின் ஓசையைக் கேட்டவர்களுக்குத் தெரியும். டென்னிஸ் பந்து கனத்த 'தொப்' என்று விழும். கெட்டியான மட்டையில் மோதும் பிளாஸ்டிக் பந்து 'டொக் டொக்' என்று உச்சஸ்தாயியில் தைக்கிறது. ஆட்டமும் வேகம், அடிகளும் நெருக்கம். அமெரிக்காவில் இந்த ஓசைக்காக அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டு, களங்களை மூடவைத்த ஊர்கள் உண்டு. கட்டணம், வண்ணம், வலை என்று எங்கள் கூட்டம் பேசியதில் ஓசையைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லை. பேசியிருக்க வேண்டியவர்கள் தெற்குக் கட்டடத்துக்காரர்கள். அவர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை.

கணக்கு எளிது. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஓசை சுமார் 6 டெசிபல் குறையும். களங்களைத் தெற்கு ஓரத்தில் வைத்தால் வலை வேலியிலிருந்து 32 அடியில் வரும், பால்கனியிலிருந்து 52 அடி. வடக்கு ஓரத்தில் வைத்தால் வலை பால்கனியிலிருந்து 98 அடி. கிட்டத்தட்ட இரட்டிப்பு, ஐந்தரை டெசிபல் குறைவு. ஒரு செங்கல்லும் வைக்காமல், ஒரு ரூபாயும் செலவழிக்காமல், வரைபடத்தில் கோட்டை நகர்த்தியதால் மட்டும் கிடைக்கும் லாபம் இது. மிஞ்சும் 46 அடி தெற்கில் குழந்தைகளுக்குப் போகும். களம் வடக்கே என்று முடிவானது.

தரைக்குள் இருந்தது

வடக்கு வேலியிலிருந்து பத்தடி விட்டு, 44 அடி களம் போட்டால், தெற்குப் பின்கோடு 54 அடியில் வருகிறது. பழைய டென்னிஸ் வலை இருந்தது தளத்தின் நடுவில், அதாவது 55 அடியில். பின்கோட்டுக்கு ஓரடி பின்னால்! டென்னிஸ் வலைக் கம்பங்கள் இரட்டையர் களத்தின் பக்கக்கோட்டிலிருந்து மூன்றடி தள்ளி நிற்பவை. கம்பத்துக்குக் கம்பம் 42 அடி. எங்கள் 56 அடியில் அவை இருபக்க வேலியிலிருந்தும் ஏழேழு அடியில் நிற்கின்றன. புதிய களங்களோ வேலியிலிருந்து ஐந்தடியில் தொடங்குகின்றன. எனவே ஒவ்வொரு களத்தின் பின்கோட்டுக்கும் பின்னால், ஓரடி தூரத்தில், சர்வீஸ் போடுபவர் கால் வைக்கும் இடத்தில், ஒரு இரும்புக் கம்பம்.

இதை நான் காகிதத்தில் பார்க்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். என் வரைபடத்தில் பழைய டென்னிஸ் கோடுகளை அழித்துவிட்டுப் புதியவற்றை வரைந்திருந்தேன். தாள் சுத்தமாக இருந்தது. மேஸ்திரிதான் தளத்தில் நின்றபடி, "சார், இந்தக் கம்பம் இங்கேயே இருக்குமா?" என்று கேட்டார். அன்றிரவு பழைய வரைபடத்தை எடுத்து அதன் மேலேயே புதியதை வேறு நிறத்தில் வரைந்தேன். முதலிலேயே அப்படித்தான் வரைந்திருக்க வேண்டும். நடு வலையை இழுத்துப் பிடிக்கும் தரைக் கொக்கி மட்டும் அதிர்ஷ்டவசமாக இரண்டு களங்களுக்கும் இடைப்பட்ட சந்தில் விழுந்தது. அதையும் எடுத்துவிட்டோம்.

கம்பத்தை அறுத்துவிட்டுத் தரையோடு மூடிவிடலாம் என்பது ஒப்பந்தக்காரரின் யோசனை. உள்ளே நிற்கும் கான்கிரீட் கட்டையும் சுற்றியுள்ள தளமும் வெயிலில் வேறு வேறு விதமாக விரியும். ஒரே வருடத்தில் அந்தக் கட்டையின் வடிவத்திலேயே மேற்பூச்சில் விரிசல் விழும், சர்வீஸ் போடும் இடத்திலேயே. கட்டையையே தோண்டி எடுத்தோம். இரண்டு நாள் கூடுதல் வேலை.

ஐந்து, இருபது, ஆறு, இருபது, ஐந்து

அகலத்தில் நாங்கள் சமரசம் செய்துகொண்டோம். 56 அடியில் இரண்டு களங்கள் 40 அடி. மிச்சம் 16. வேலி ஓரங்களில் ஐந்தைந்து, நடுவில் ஆறு. ஒரு களத்துக்கு 30 அடி என்ற குறைந்தபட்ச அகலத்துக்கு இது சற்றுக் குறைவு. ஒரே ஒரு களம் போட்டிருந்தால் எல்லா அளவும் தாராளமாக வந்திருக்கும், ஆனால் 300 வீடுகளுக்கு ஒரு களம் என்றால் ஆட்டத்தைவிட வரிசையில் நிற்பதுதான் அதிகமாக இருக்கும். பின்புறத்தை விட்டுக்கொடுப்பதைவிடப் பக்கத்தை விட்டுக்கொடுப்பது பரவாயில்லை என்று நினைத்தேன். பின்னால் போகிறவர் பார்க்காமல் போகிறார், பக்கத்தில் ஓடுகிறவர் பார்த்துக்கொண்டே ஓடுகிறார்.

நடுச்சந்தில் தடுப்பு வலை வேண்டும் என்று இளைஞர்கள் கேட்டார்கள். பக்கத்துக் களத்துப் பந்து உருண்டு வருகிறது என்பது உண்மைதான். ஆறடியை நடுவில் தடுத்தால் ஆளுக்கு மூன்றடிதான். பிக்கிள்பால் வலைக் கம்பங்கள் 22 அடி இடைவெளியில், பக்கக்கோட்டுக்கு வெளியே ஓரடியில் நிற்பவை. ஆகவே வலையருகே சந்து நான்கடிக்கும் குறைவு. அதில் தடுப்பையும் வைத்தால் ஒருவர் கடந்துபோக முடியாது. வலைக்கு அருகில் நின்று எதிரி பந்தைக் கோணமாக வெட்டி அனுப்பும்போது, ஆட்டக்காரர் பக்கக்கோட்டைத் தாண்டி ஓடி, கம்பத்தைச் சுற்றிப் பந்தை அனுப்புவது இந்த விளையாட்டின் மிக அழகான அடி. அதற்கான இடத்தை நாமே அடைத்துவிடக் கூடாது என்று வாதாடினேன். தடுப்பு வைக்கவில்லை. பந்து உருண்டு வந்தால் "பந்து!" என்று கத்திவிட்டு ஆட்டத்தை நிறுத்துவது என்று ஏற்பாடு. எங்கள் வளாகத்தில் சக்கர நாற்காலியில் வரும் ஒரு பெண் ஆட விரும்பினார். அவர் வலையருகே கடந்துபோகவும் அந்தச் சந்து உதவுகிறது. சக்கர நாற்காலி ஆட்டத்துக்குப் பரிந்துரைக்கப்படும் இடம் 44 அடிக்கு 74 அடி. எங்களால் தர முடிந்தது அதைவிட மிகக் குறைவு. அவர் ஆடும்போது பக்கத்துக் களத்தைக் காலியாக விடுகிறோம். பழைய வாசல் மேற்கு வேலியின் நடுவில், சரியாக ஒரு பின்கோட்டுக்குப் பின்னால் திறந்தது. அதையும் தெற்கே நகர்த்தி அகலப்படுத்தினோம்.

வாட்டம்

தளத்தின் சாய்வைக் கொத்தனார்கள் 'வாட்டம்' என்பார்கள். விளையாட்டுத் தளம் ஒரே பக்கமாக, பத்தடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் சாய வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் ஒரே இரவில் கொட்டுகிற ஊரில் இதில் அலட்சியம் காட்ட முடியாது. எங்கள் தளத்தை டியூப் லெவலில் பார்த்தோம். மேற்கிலிருந்து கிழக்காக 56 அடிக்கு ஐந்தரை அங்குலம் இறங்கியிருந்தது. பழைய வேலையைச் செய்தவர் அளவில் சுருக்கினாலும் வாட்டத்தில் சுருக்கவில்லை. அவரை மனதுக்குள் மன்னித்தேன்.

தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது நான்கைந்து இடங்களில் குட்டை கட்டியது. வடிந்து ஒரு மணி நேரம் கழித்தும் ஒரு நாணயம் மூழ்கும் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டு, நிரப்பி, மறுபடி தண்ணீர் ஊற்றினோம். இதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

ஆனால் வலைக் கம்பம் நடும்போது மேஸ்திரிக்கும் எனக்கும் ஒரு தகராறு வந்தது. அவர் 30 வருடமாக எதைக் கட்டினாலும் தலைமட்டம் பார்த்துக் கட்டியவர். இரண்டு கம்பங்களின் உச்சியையும் ஒரே மட்டத்தில் நிறுத்தினார். அழகாக இருந்தது. ஆனால் தரை சாய்கிறதே! 22 அடிக்குள் இரண்டங்குலத்துக்கு மேல் இறங்குகிறது. மேற்குக் கோட்டில் 36 அங்குலம் இருக்கும் வலை, கிழக்குக் கோட்டில் 38 ஆகிவிடும். விதி கேட்பது தரையிலிருந்து உயரம். பக்கக்கோடுகளில் 36 அங்குலம், நடுவில் 34. கம்பங்கள் தரையோடு சேர்ந்து சாய்ந்தாற்போல் ஏறி இறங்கி நிற்க வேண்டும். "பார்க்கிறவர்கள் என்னைத்தான் திட்டுவார்கள்" என்றார் மேஸ்திரி. வேலை முடிந்த பிறகும் அந்த வலையைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகம் சற்றுச் சுளிக்கும்.

நூல் அடித்த நாள்

கோடு போடுவதை வேலியிலிருந்து தொடங்கக் கூடாது. வேலி நேராக இருப்பதாக நினைத்துத் தொடங்கியவர்களின் களம் கோணல் மாணலாக முடியும். முதலில் வலைக்கோடு, பிறகு அதற்குச் செங்குத்தாகக் களத்தின் நடுக்கோடு, பிறகு மற்றவை. செங்குத்துக்கு மூலைமட்டம் போதாது. இரண்டடிக் கையில் நூலிழை பிசகினால் 22 அடியில் அது விரல் தடிமனாகும். மூன்று நான்கு ஐந்து கணக்கைப் பெருக்கி, 12 அடி, 16 அடி, 20 அடி என்று நூல் பிடித்தோம்.

பிறகு மூலைவிட்டம் பார்க்க வேண்டும். வலையிலிருந்து பின்கோடு வரை பாதிக் களம் 20 அடிக்கு 22 அடி. அப்போது வளாகத்தில் இருக்கும் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் வேடிக்கை பார்க்க வந்தார். "தம்பி, கால்குலேட்டர் எதற்கு? நம் பழைய வாய்ப்பாடு இருக்கிறதே" என்றார். நெடும்பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு, குறும்பக்கத்தில் பாதியைக் கூட்டினால் கர்ணம். தமிழ்நாட்டில் கணக்குப் பிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி. மூன்று நான்குக்குப் போட்டால் சரியாக ஐந்து வரும். 22க்கும் 20க்கும் போட்டோம். 19 அடி 3 அங்குலம், அதனுடன் பத்து, ஆக 29 அடி 3 அங்குலம். வர்க்கமூலம் போட்டால் வருவது 29 அடி 8¾ அங்குலம். அரையடி வித்தியாசம்.

வாத்தியார் ஒப்புக்கொள்ளவில்லை. முழுக் களத்துக்குப் போடச் சொன்னார். 44 அடியில் எட்டில் ஒன்று போக 38½, அதனுடன் பத்து, 48½ அடி. சரியான விடை 48 அடி 4 அங்குலம். இரண்டங்குலம்தான் பிசகு. "பார்த்தீர்களா, நெருங்கிவிட்டது" என்றார். "ஐயா, கோட்டின் அகலமே இரண்டங்குலம்தான்" என்றேன். சிரித்துவிட்டார். பக்கங்கள் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கும்போது அந்த வாய்ப்பாடு தடுமாறுகிறது. கிணற்று ஏற்றத்துக்கும் ஓட்டுக்கூரைக்கும் போதுமான துல்லியம் அதற்கு உண்டு. எங்களுக்குத் தேவைப்பட்டது வேறு. வர்க்கமூலம் சொன்ன அளவில் நூல் பிடித்து நான்கு மூலைவிட்டங்களையும் சரிபார்த்தோம்.

அந்த இரண்டங்குலம்தான் அன்று மாலை எங்களைக் கடித்தது. பிக்கிள்பால் அளவுகள் எல்லாம் கோட்டின் வெளிவிளிம்புக்கு. 20 அடி என்றால் கோட்டின் தடிமனையும் சேர்த்து 20 அடி. நூலை 20 அடியில் அடித்தாயிற்று. வண்ணம் பூச வந்த பையன் மாஸ்கிங் டேப்பை மேற்கே நூலுக்கு வெளியேயும் கிழக்கே நூலுக்கு உள்ளேயும் ஒட்டியிருந்தான். அப்படியே பூசியிருந்தால் களம் 20 அடி 2 அங்குலமாகியிருக்கும். பூசுவதற்கு முன் கடைசி முறையாக அளக்காமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, பந்து கோட்டில் பட்டதா இல்லையா என்று சண்டை வரும் வரை. 'பட்டை நூலுக்கு உள்ளே' என்று தரையிலேயே சுண்ணாம்புக்கட்டியால் எழுதிவைத்தேன்.

வலையிலிருந்து ஏழடி வரையுள்ள பகுதியை ஆட்டக்காரர்கள் 'கிச்சன்' என்பார்கள். அதற்குள் நின்று, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. அந்தக் கோடும் கிச்சனைச் சேர்ந்ததே. ஆகையால் பட்டை 6 அடி 10 அங்குலத்தில் தொடங்கி ஏழடியில் முடிய வேண்டும். சர்வீஸ் போட்ட பந்து இந்தக் கோட்டில் பட்டால் தவறு, மற்றக் கோடுகளில் பட்டால் சரி. பட்டையை மறுபக்கம் போட்டால் கிச்சன் இரண்டங்குலம் வீங்கிவிடும். நடுக்கோடு மட்டும் விதிவிலக்கு, நூலுக்கு இருபுறமும் ஓரங்குலம்.

இந்த இடத்தில், உள்ளரங்கப் பூப்பந்துத் தளத்தில் பிக்கிள்பால் ஆடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிக்கோடுகள் பொருந்துவதால் எல்லாமே பொருந்தும் என்று நினைத்து, பூப்பந்தின் முன் சர்வீஸ் கோட்டையே கிச்சன் கோடாக வைத்துக்கொள்கிறார்கள். அது வலையிலிருந்து ஆறரை அடி. அரையடி குறைந்த கிச்சனில் பழகியவர்கள் எங்கள் களத்துக்கு வந்தால் முதல் நாள் முழுக்கக் காலைக் கோட்டில் வைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

விளக்குக் கம்பங்களைப் பின்கோட்டுக்குப் பின்னால் நடவில்லை, பக்க வேலிக்கு வெளியே நட்டோம். கடல்காற்று பிற்பகலில் கிழக்கிலிருந்து வரும். 27 கிராம் எடைகூட இல்லாத ஓட்டைப் பந்தை அது இஷ்டத்துக்கு இழுக்கும். கிழக்கு வேலி முழுக்கப் பச்சைத் துணி கட்ட வேண்டும் என்றார்கள். துணி கட்டிய வேலி பாய்மரம் போல் காற்றைத் தாங்கும். பழைய வேலிக் கம்பங்கள் அதற்காக நட்டவை அல்ல. ஆறடி உயரம் வரை மட்டும் கட்டினோம்.

ஆடத் தொடங்கிய பிறகு

முதல் மாதத்திலேயே என் தவறு ஒன்று தெரிந்தது. உட்காரும் பெஞ்சுகளைக் கிழக்கு வேலி ஓரமாகப் போட்டிருந்தேன். ஐந்தடி இடத்தில் பெஞ்சு ஒன்றேகால் அடியைத் தின்றது. பந்தைத் துரத்திய ஒருவரின் முழங்கால் எலும்பில் அது பதிந்தது. பக்கவாட்டில் விட்டுக்கொடுத்தாயிற்று என்று தெரிந்தும், விட்டுக்கொடுத்த இடத்திலேயே மீண்டும் கைவைத்தவன் நான்தான். பெஞ்சுகள் தெற்கே போயின.

இன்னொன்று இதைவிட மோசம். தெற்கு மிச்சத்தில், வேலியை ஒட்டி, தனியாகப் பழகுபவர்களுக்காக ஒரு சுவர் எழுப்பினோம். நல்ல யோசனை என்று எல்லோரும் பாராட்டினார்கள். களத்தை 46 அடி தள்ளி வைத்து மிச்சப்படுத்திய ஓசையை எல்லாம் அந்தச் சுவர் பால்கனிக்கு இருபதடியில் கொண்டுபோய்க் கொட்டியது. நான்கு பேர் ஆடும்போது இடைவெளி உண்டு. சுவரில் அடிக்கும் ஒரு சிறுவனுக்கு இடைவெளியே கிடையாது. மூன்றாவது மாடியில் இருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், சுவருக்கும் தன் பால்கனிக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரம் சுவர் போனது.

பருவமழையில் தண்ணீர் நிற்கவில்லை. விரிசல் இதுவரை இல்லை. பின்னால் பத்தடி விட்டதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த இடம் இருப்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை.

மூன்றாவது களத்தின் கதை மட்டும் முடியவில்லை. சுவர் இடிந்த தெற்குப் பகுதியில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் மடக்கு வலை ஒன்றை வைத்து, கிழக்கு மேற்காகச் சுண்ணாம்பில் கோடு போட்டிருக்கிறார்கள். பின்னால் ஆறடி, கோடுகள் கோணல், கிச்சன் ஒருபக்கம் பெரியது. மாலை ஐந்தரைக்கு கிழக்குப் பக்கம் நிற்பவன் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, பந்து வரும் ஓசையை வைத்தே மட்டையை வீசுகிறான். பாதி தப்புகிறது. செயலாளர் தினமும் அந்த வழியாக நடை போகிறார். என்னைப் பார்த்தால், அந்தப் பக்கம் கையைக் காட்டி, "மூன்று, சார்" என்கிறார்.